அந்தக் காசு இப்ப எங்க நிக்குது?

பரந்தன் சந்தியில் மீன் வாங்க இப்போது சில்லறை தேடத் தேவையில்லை. மீன்காரர் தராசுக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கைத்தொலைபேசியை அதற்கு முன்னால் பிடித்தால் சரி. அவருடைய சட்டைப் பையில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவர் மீனைத் தூக்கிப் பையில் போடுவார். நான் மீன் வாங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அந்த டிங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். முப்பத்தொரு வருடம் வங்கியில் வேலை செய்தவனுக்கு அது ஒரு வேடிக்கை.

சென்ற மாதம் அப்படி நின்றபோது எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ராமையா அண்ணை, மீனுக்குக் காசு ஒரு செக்கனிலை போகுது. மகள் திங்கட்கிழமை போட்ட காசு, இண்டைக்கு வியாழன், இன்னும் வரேல்லை. உங்கட பாங்க்காரர் அதை வைச்சு என்ன செய்யினம்? அடைகாக்கினமோ?"

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம். ஆனாலும் அது 'உங்கட பாங்க்'. நல்லது நடந்தால் வங்கி, பிழை நடந்தால் ராமையா. நான் அவரிடம் நாலு கேள்வி கேட்டேன். எத்தனை மணிக்குப் போட்டா, எவ்வளவு போட்டா, எந்த முறையில் போட்டா, துண்டில் இலக்கம் இருக்கிறதா? ஒன்றுக்கும் அவருக்கு விடை தெரியவில்லை. "காசு போட்டா, அவ்வளவுதான்" என்றார். மீன் நாறத் தொடங்கிவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் கடைசியாக வேலை செய்த வங்கிக் கிளையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இளம் அலுவலர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'நான் என்னத்தை எழுத?' என்று தட்டிக் கழித்து வந்தேன். அந்த மனிதரின் கேள்விதான் என்னை மேசைக்கு முன்னால் கொண்டுவந்து இருத்தியது. ஒரு காசு ஏன் ஒரு செக்கனில் போகிறது, இன்னொன்று ஏன் நான்கு நாள் எடுக்கிறது? இதை நான் முழுதாக விளங்கிக்கொண்டது வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருடம் கழித்துத்தான். அதுவும் வயல் செய்யும் ஒரு கமக்காரப் பெண் என்னைக் கேட்ட கேள்வியால்.

என்னுடைய அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து வவுனியாப் பக்கம் நெளுக்குளத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கழுத்துப்பட்டி கட்டியவன் நான். வவுனியாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க நோட்டு எண்ணினேன், பேரேடு எழுதினேன், திட்டு வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிறகு பணம் அனுப்பும் பகுதியில் போட்டார்கள். அங்கேதான் எனக்கு வேலையில் ருசி பிடித்தது.

அந்த நாளில் அவசரப் பணம் தந்தியில் வரும். 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று நாலு வார்த்தை. அதை உண்மை என்று எப்படி நம்புவது? அதற்கு ஓர் இரகசியக் கணக்கு இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் இரண்டு சிறு புத்தகங்கள். ஒன்று ஓர் அதிகாரியின் பொறுப்பில், மற்றது இன்னொருவரின் பொறுப்பில். திகதிக்கு ஓர் எண், தொகைக்கு ஓர் எண், அனுப்பும் கிளைக்கு ஓர் எண். இருவரும் தங்கள் தங்கள் எண்ணைச் சொல்ல, நான் கூட்டுவேன். தந்தியின் தலைப்பில் இருக்கும் எண் வந்தால் காசு கொடுக்கலாம். ஒரு தடவை மூன்று குறைந்தது. வாடிக்கையாளர் இரண்டு நாள் காத்திருந்தார். விசாரித்துப் பார்த்தால், அனுப்பிய கிளையில் ஒருவர் முதல் நாள் கிழிக்காமல் விட்ட நாட்காட்டியைப் பார்த்துத் திகதி எண்ணை எடுத்திருக்கிறார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. ஒரு கடதாசியை ஒருவர் கிழிக்க மறந்ததால், இருநூறு மைலுக்கு அப்பால் ஒருவர் பட்டினி கிடந்திருக்கிறார்.

போரால் வீதி மூடிக் கிடந்த காலத்தில் வன்னிக்குள் போகும் வங்கிப் பை ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நாட்கணக்கில் நிற்கும். அப்போது யாராவது 'என்ர காசு எங்கை?' என்று கேட்டால் 'ஓமந்தையில்' என்று கையை நீட்டிச் சொல்லலாம். துன்பமான காலம்தான், ஆனால் கேள்விக்கு விடை இருந்தது. கணினி வந்த பிறகு அந்த விடை போய்விட்டது. எல்லோரும் 'சிஸ்டத்தில இருக்கு' என்று சொல்லப் பழகினோம். அது ஓர் ஊரின் பெயர் இல்லை என்பதை யோசிக்கவில்லை.

கிளிநொச்சிக் கிளைக்கு நான் மாற்றலாகி வந்தபோது ஒரு கிழவர் ஒவ்வொரு மாதமும் வருவார். மகன் சுவிஸில். அனுப்பும் தொகைக்கும் வந்து சேரும் தொகைக்கும் எப்போதும் கொஞ்சம் வித்தியாசம். தங்களுக்குள் நேராகக் கொடுக்கல் வாங்கல் இல்லாத வங்கிகள் நடுவில் ஒன்றிரண்டு வங்கிகளைப் பிடித்துத்தான் காசை அனுப்பும். நடுவில் நிற்பவர்கள் சும்மா கை மாற்றிவிட மாட்டார்கள், ஆளுக்குக் கொஞ்சம் கட்டணம் எடுப்பார்கள், ஆளுக்கு ஒரு நாளும் எடுப்பார்கள். இதை நான் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கிழவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்ர மகன் பொய் சொல்ல மாட்டான். நீயும் பொய் சொல்ல மாட்டாய். அப்ப நடுவிலை நிக்கிறவனுக்கு ஏன் தம்பி ஒரு பேர் இல்லை?" நான் சிரித்தேன். சரியான கேள்வி என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு எங்கள் கிளைக்கு முகாமையாளராகச் சுகந்தி மிஸ் வந்தா. என்னைவிடப் பதினைந்து வயது இளமை. வந்த முதல் கிழமையே எனக்கு அவாவைப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முகாமையாளர் என்றால் கண்ணாடி அறைக்குள் இருந்து மணி அடிப்பவர் என்று பழகியிருந்தோம். இந்த மனிசி அறைக்குள் இருப்பதே இல்லை. கையில் ஒரு பென்சிலோடு எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பா. யாராவது 'சிஸ்டத்தில இருக்கு' என்று வாடிக்கையாளரிடம் சொல்வது காதில் விழுந்தால் நின்றுவிடுவா.

"சிஸ்டம் எண்டு ஒரு ஆள் இல்லை அண்ணை. எங்கையோ ஒருத்தர் ஒரு பட்டனை அமத்த வேணும். அது ஆர் எண்டு கண்டுபிடியுங்கோ."

சத்தம் போட்டுச் சொல்வதில்லை. அதுதான் எரிச்சல். ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க முன்னர் ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று வரி எழுதுவா: எங்கே நிற்கிறது, யார் கையில், எத்தனை மணி வரை. அந்த மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை தொலைபேசியை வைக்க மாட்டா. மறுமுனையில் இருப்பவர் 'பாத்துச் சொல்லுறன்' என்றால், "ஓம், பாருங்கோ, நான் லைனிலை நிக்கிறன்" என்பா. கொழும்புத் தலைமை அலுவலகத்தில் அவாவின் குரலைக் கேட்டால் ஓடி ஒளிப்பார்கள் என்று எங்களுக்குள் பகிடி விடுவோம்.

இனிச் சரஸ்வதி அக்காவின் கதை.

சரஸ்வதி அக்காவின் குடும்பம் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குளத்துத் திட்டத்தில் காணி பெற்றுக் குடியேறியது. வயல் பரந்தனுக்குக் கிழக்கே. கணவர் இல்லை, ஒரே மகள் கலியாணம் செய்து வவுனியாவில். முந்தின காலபோகத்தை, அதாவது மாரி மழையில் செய்யும் பெரிய விளைச்சலை, வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இனி இருந்தது குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகம் மட்டும்தான். வெள்ளத்தில் பழுதான குளக்கட்டைத் திருத்தத் தண்ணீரைத் திறந்துவிட்டதால் அந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு. எல்லா வயலுக்கும் காணாது. கமக்காரர் அமைப்பு கூடி, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று பங்கு பிரித்தது. பங்கு கிடைத்தவர் விதைநெல், உழவு, உரம் எல்லாவற்றுக்குமான முற்பணத்தை வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் அமைப்பின் அலுவலகத்தில் கையில் காசாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பங்கு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும். வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை, சனிக்கிழமை காலை குளத்தின் மதகு, எங்கள் பேச்சில் துருசு, திறப்பு. முன்னொரு தடவை ஒருவருக்குத் தவணை கொடுத்து வெட்டுக்குத்து வரை போனதால், செயலாளர் இந்த முறை யாருக்கும் இரங்குவதில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் அக்கா என் மேசைக்கு முன்னால் நின்றா. சேமிப்புப் புத்தகத்தை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தா.

"என்ர தம்பி நேற்றுப் பின்னேரம் ரண்டு லட்சம் போட்டவன். எடுக்க வந்தனான்."

பார்த்தேன். கணக்கில் பழைய ஆயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. வரவில்லை என்றேன். துண்டைக் காட்டினா, அதாவது தம்பி கைத்தொலைபேசியில் அனுப்பிய படத்தைக் காட்டினா. கண்ணாடி போடாமல் மேலோட்டமாகப் பார்த்தேன். அனுப்பியது உண்மைதான்.

"சிஸ்டத்தில இருக்கு அக்கா. வரும். நீங்கள் வீட்டை போங்கோ, திங்கட்கிழமை வந்து பாருங்கோ."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அக்கா போகவில்லை. சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு இருந்தா.

"தம்பியின்ர புத்தகத்திலை குறைஞ்சிட்டுது. என்ர புத்தகத்திலை ஏறேல்லை. அப்ப அந்தக் காசு இப்ப எங்க நிக்குது?"

கோபம் வந்தது. விடை தெரியாதவனுக்கு வருகிற கோபம்தான். "அதைச் சொல்ல ஏலாது அக்கா" என்றேன்.

"மகளின்ர வீட்டிலை எனக்கு ஒரு கட்டில் இருக்கு" என்றா அக்கா. "இந்தப் போகமும் இல்லையெண்டால் வயலைக் குத்தகைக்குக் குடுத்துப்போட்டு அங்கைதான் போகவேணும். ஆனா அது மகளின்ர வீடு தம்பி. நான் இருந்து கேக்கிறதிலை ஏதும் பிழையோ?"

சுகந்தி மிஸ்ஸின் பென்சில் என் தோளுக்கு மேலால் நீண்டது. எவ்வளவு நேரமாகப் பின்னால் நின்றாவோ தெரியாது. மேசையில் கிடந்த துண்டுக் கடதாசியை இழுத்து எழுதத் தொடங்கினா. எங்கே நிற்கிறது. யார் கையில். எத்தனை மணி வரை.

"அந்தப் படத்தை ஒருக்காத் தாங்கோ அக்கா. ராமையா அண்ணை, கண்ணாடியைப் போடுங்கோ."

போட்டேன். அப்போதுதான் தொகை முழுதாகத் தெரிந்தது. இரண்டு இலட்சத்து ஒரு ரூபாய்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, காசு எப்படிப் போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். உண்மையில் காசு எங்கும் போவதில்லை, ஒரு செய்திதான் போகிறது. ஒரு வங்கியின் புத்தகத்தில் கழி, மற்ற வங்கியின் புத்தகத்தில் கூட்டு என்ற செய்தி. நெளுக்குளத்திலிருந்து பரந்தனுக்கு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். ஆனால் இந்தச் செய்தி கொழும்புக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டும். இரு வங்கிகளும் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலைச் சரிபார்க்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. அங்கே போக இரண்டு வழி உண்டு. ஒன்று உடனடி வழி. ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே ஓடும், மீன்காரரின் டிங் அதுதான். மற்றது பழைய வழி. நாள் முழுக்க வந்த செய்திகளை ஒரு கட்டாகக் கட்டி, குறித்த நேரத்தில் மொத்தமாக அனுப்புவது. கமக்காரருக்கு இதை முறைத்தண்ணீர் என்றால் விளங்கும். உன்னுடைய முறை தப்பினால், வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடினாலும் அடுத்த முறை வரை நீ வரம்பில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் கைத்தொலைபேசியில் அனுப்பிய காசு ஏன் பழைய வழியில் போனது? தம்பியை அழைத்தோம். பெயர் குலேந்திரன், நெளுக்குளத்தில் ஓர் இரும்புக் கடையில் வேலை. சுகந்தி மிஸ் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"எத்தனை மணிக்கு அனுப்பினனீங்கள் தம்பி?"

"பன்ரண்டு மணிக்கே அனுப்ப வெளிக்கிட்டனான் மிஸ். புதன்கிழமை, பன்ரண்டிலை இருந்து ஒண்டரை வரை ராகுகாலம். விதைநெல்லுக்குப் போற காசு. அதாலை பொறுத்து, ஒண்டே முக்காலுக்குத்தான் போட்டனான்."

அவருடைய வங்கியில் கட்டுக் கட்டும் நேரம் ஒன்றரையோடு முடிந்துவிடும். கால் மணித்தியாலம்.

"அந்த ஒரு ரூபா?"

"நல்ல காரியத்துக்குப் பூச்சியத்திலை முடியிற மாதிரிக் காசு குடுக்கிறேல்லைத்தானே மிஸ். எங்கட அப்பா கலியாணத்துக்குக் குடுத்தாலும் நூற்றியொண்டுதான்."

சுகந்தி மிஸ் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. குலேந்திரனின் வங்கியின் செயலியில் உடனடி வழியில் ஒரு தடவைக்கு இரண்டு இலட்சம்தான் உச்சம். ஒரு ரூபாய் கூடியதால் அந்தக் கதவு மூடிவிட்டது. மூடியதும் செயலி ஒரு கேள்வி கேட்டிருக்கிறது: இந்தத் தொகையைச் சாதாரண முறையில் அனுப்பவா? 'ஓம் எண்டு அமத்தினனான்' என்றார் குலேந்திரன். வாசித்தாரா என்று கேட்டேன். "கடையிலை ஆள் நிண்டது அண்ணை" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. சகோதரிக்கு நல்லது நடக்க வேண்டும் என்று அந்த மனிதர் இரண்டு காரியம் செய்திருக்கிறார். இரண்டும் சேர்ந்து அவாவின் போகத்தைப் பிடித்து வைத்திருந்தன. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் இப்படிக் காசை நிறுத்துவார்கள்?

இப்போது முதல் வரிக்கு விடை கிடைத்துவிட்டது. காசு வவுனியாவில், குலேந்திரனின் வங்கியில், அடுத்த கட்டுக்காகக் காத்து நிற்கிறது. அந்தக் கட்டு அன்று பகல் ஒன்றரைக்குப் போகும், எங்களுக்கு வந்து சேர மாலையாகும். வெள்ளி போயா, சனி ஞாயிறு விடுமுறை. அக்காவின் புத்தகத்தில் ஏறுவது திங்கட்கிழமை. நான் அக்காவிடம் சொன்னது அச்சொட்டாகச் சரி. அக்காவின் பங்கு மட்டும் போயிருக்கும்.

அவசரத்துக்கு வங்கியிலிருந்தே கொடுக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். வராத காசுக்கு முன்பணம் கொடுக்கக் கிளைக்கு அதிகாரம் இல்லை. மாதக் கடைசி, என்னிடமும் இல்லை. இருந்த ஒரே வழி, கட்டுப் போகும் முன்னர் அந்தச் செய்தியை நிறுத்தி, காசைக் குலேந்திரனின் கணக்குக்குத் திருப்பி, உடனடி வழியில் மறுபடி அனுப்புவது. அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்த பிறகும் கட்டுப் போய்விட்டால் காசு இரண்டு வங்கிக்கும் நடுவில் தொங்கும். அதைக் கழற்றி எடுக்க இரண்டு கிழமை ஆகலாம். அப்போது திங்கட்கிழமையும் இல்லை.

சுகந்தி மிஸ் இதை அப்படியே அக்காவிடம் சொன்னா. ஒன்றையும் மறைக்கவில்லை. "உங்கட காசு அக்கா. நீங்கள்தான் சொல்லவேணும்."

"திங்கட்கிழமை வந்து எனக்கு என்னத்துக்கு?" என்றா அக்கா. "நிப்பாட்டுங்கோ."

பத்தேகாலுக்கு வவுனியாவிலுள்ள அந்த வங்கிக்கு அழைத்தோம். ஓர் அலுவலர் எடுத்தார். 'பாத்துச் சொல்லுறன்' என்றார். "ஓம், பாருங்கோ, நான் லைனிலை நிக்கிறன்" என்றா சுகந்தி மிஸ். ஆறு நிமிடம் நின்றா. அவர் திரும்பி வந்து, காசு தங்களிடம்தான் நிற்கிறது, வாடிக்கையாளர் அடையாள அட்டையோடு நேரில் வந்து கடிதம் தந்தால் பதினொன்றரை வரை ஏற்கலாம், ஆனால் கொழும்பிலிருக்கும் தங்கள் அதிகாரி ஒருவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்றார். சுகந்தி மிஸ் அந்த அதிகாரியின் பெயரையும் நேரடி இலக்கத்தையும் கேட்டு எழுதினா. பெயர் இல்லாத நடு ஆளுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. எனக்குச் சுவிஸ் மகனின் தகப்பன் நினைவுக்கு வந்தார்.

குலேந்திரன் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஓடினார். பதினொன்றுக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டு மணி. பன்னிரண்டரை. கொழும்பு அதிகாரி கூட்டம் ஒன்றில் இருக்கிறார் என்றார்கள். சுகந்தி மிஸ் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் அழைத்தா. அக்கா பகல் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கு வேலை ஓடவில்லை. காலையில் நான் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்றரைக்கு மூன்று நிமிடம் இருக்கையில் செய்தி வந்தது. நிறுத்தியாயிற்று. ஒன்று முப்பத்துநாலுக்குக் காசு குலேந்திரனின் கணக்கில் மறுபடி ஏறியது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் நாலு மணிக்குள் வந்து சேர்வது சந்தேகம். உடனடி வழிதான். சுகந்தி மிஸ் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, "தம்பி, உச்சத்துக்குக் கிட்டப் போகவேண்டாம், இப்ப ரண்டாய்ப் பிரிச்சு அனுப்புங்கோ" என்றா.

மறுமுனையிலிருந்து விடை தயங்கித் தயங்கி வந்தது.

"மிஸ்... இண்டைக்கு வியாழக்கிழமை. ஒண்டரையிலை இருந்து மூண்டு வரை ராகுகாலம். மூண்டு அடிச்ச உடனை அனுப்பட்டே?"

மூன்றுக்கு எங்கள் காசுப் பெட்டி மூடும். எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசியைப் பறித்துக் கத்தியிருப்பேன். அதற்குள் அக்கா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு முன்னால் குனிந்தா.

"டேய் குலம். சனிக்கிழமை துருசு துறப்பாங்கள். தண்ணி ராகுகாலம் பாத்தே வாய்க்காலுக்கை இறங்கும்? போன மாரியிலை வெள்ளம் வரேக்கை நல்ல நேரமோ எண்டு ஆரிட்டையும் கேட்டதே? நல்ல நேரம் எனக்கு நீதானடா. அமத்து."

"ஓம் அக்கா" என்றார் குலேந்திரன். அடுத்த மூச்சில், "ஆனா மிஸ், ஒரு லட்சம் ஒரு லட்சமாப் பிரிச்சால் ரண்டும் பூச்சியத்திலை முடியுதே..."

சுகந்தி மிஸ் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "முதல் ஒரு லட்சத்து ஒண்டு. பிறகு தொண்ணூற்றொன்பதினாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ரண்டிலையும் பூச்சியம் கடைசியிலை இல்லை. சரிதானே?"

சரிதான் என்றார். அவர் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது எங்களுக்குக் கேட்பதுபோல் இருந்தது.

ஒன்று நாற்பத்தொன்றுக்கு முதல் தொகை என் திரையில் ஏறியது. நாற்பத்துமூன்றுக்கு இரண்டாவது. கொழும்புக்குப் போய்த் திரும்பிய செய்தி, நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் நேரத்தில் வந்துவிட்டது. அக்காவின் புத்தகத்தில் இரண்டு வரியும் பதிந்து, காசை எண்ணிக் கொடுத்து, கிளைக் காவலாளியை ஓட்டோ பிடிக்கச் சொன்னேன். அங்கேயும் வரிசையில் நின்று, நாலு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கட்டிவிட்டா என்று பிறகு அறிந்தோம்.

சனிக்கிழமை காலை நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தனுக்குக் கிழக்கே போனேன். யாரும் கூப்பிடவில்லை. பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன்னால் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு மெல்லத்தான் வந்தது. அக்கா மண்வெட்டியோடு வரம்பில் நின்றா. தன் மடையை வெட்டித் திறந்தா. தண்ணீர் வெடித்த மண்ணுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. அவா காணக்கூடாது என்று சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் வேலை செய்தேன். காசு கெதியாகப் போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த வியாழக்கிழமையில் கற்றதைத்தான் சொன்னேன். மத்தியானத்துக்கு முன்னர் போடுங்கள். போயாவுக்கு முதல் நாள் வரை இழுக்காதீர்கள். தொகை பெரிதென்றால் உச்சம் எவ்வளவு என்று கேட்டு, பிரித்து அனுப்புங்கள். செயலி கடைசியாக ஒரு கேள்வி கேட்டால், கடையில் ஆள் நின்றாலும் வாசியுங்கள். துண்டிலுள்ள இலக்கத்தைத் தொலைக்காதீர்கள். ஒரு ரூபாய் கூட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு ரூபாயைத் தனியாக அனுப்புங்கள், வங்கி கோபிக்காது.

என் பிரியாவிடையைக் கிளையின் மேல்மாடியில் வைத்தார்கள். மாலை போட்டார்கள். பொறுமையானவர், சேவை மனப்பான்மை உள்ளவர், வாடிக்கையாளரைத் தன் குடும்பம்போல் பார்த்தவர் என்றெல்லாம் பேசினார்கள். கேட்கக் கேட்க எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. வாடிக்கையாளர் சார்பில் பேச வாருங்கள் என்று பின்வரிசையிலிருந்த சரஸ்வதி அக்காவைக் கூப்பிட்டார்கள். அவா ஒலிவாங்கிக்குக் கிட்டப் போகவில்லை. இருந்த இடத்திலேயே எழும்பி நின்றா.

"ராமையாத் தம்பி நல்லவர். அண்டைக்கு என்னை வீட்டை போகச் சொன்னவர்" என்றா. "நான் போகேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தா. நானும் சிரித்தேன், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறு வருடம் அவா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டா என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அங்கே என்னைப் பற்றிச் சொன்னவற்றில் முழு உண்மை அது ஒன்றுதான். அந்தப் போகத்தைக் காப்பாற்றியது நான் இல்லை. நான் சொன்னதை அவா நம்பாததுதான்.

பரந்தன் சந்தியில் என்னைக் கேட்டவருக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். கிளையில் என் பழைய மேசைக்குப் பக்கத்துச் சுவரோரம் அந்தக் கதிரை இன்னும் கிடக்கிறது. இழுத்துப் போட்டு இருங்கள். காசு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். வரும், போங்கோ என்று சொல்வார்கள். போகாதீர்கள்.